விதியை மீறினால் ஆங்கிலத்தில் எந்தச் சொல்? பிரீச், வயலேஷன், கான்ட்ரவென்ஷன்: ஓர் ஒப்பீடு

தமிழில் ‘மீறல்’ என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு எல்லாக் காரியத்தையும் முடித்துவிடலாம். சட்ட மீறல், விதிமீறல், ஒப்பந்த மீறல், உரிமை மீறல், வரம்பு மீறல் என்று முன்னால் வருவதை மட்டும் மாற்றினால் போதும். ஆங்கிலத்தில் அப்படி நடக்காது. சட்டத்தை மீறினால் ‘இல்லீகல்’ என்று சட்டென்று வாயில் வந்துவிடுகிறது. ஆனால் மீறப்பட்டது சட்டம் இல்லை, ஒரு ரெகுலேஷன், அதாவது விதிமுறை என்றால்? பிரீச், வயலேஷன், கான்ட்ரவென்ஷன், இன்ஃப்ரிஞ்ச்மென்ட், இன்ஃப்ராக்‌ஷன், நான்கம்ப்ளையன்ஸ், அஃபென்ஸ் என்று அகராதி ஒரு கூட்டத்தையே கொண்டுவந்து நிறுத்துகிறது. எல்லாவற்றுக்கும் எதிரே ‘மீறுதல்’ என்றே பொருள் போட்டிருக்கும். நாளைக் காலைக்குள் ஒரு நோட்டீஸோ ஆய்வறிக்கையோ எழுதி முடிக்க வேண்டியவருக்கு அதனால் பயன் எதுவும் இல்லை.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மீறப்பட்ட விதிமுறையின் வாசகம் கையில் இருந்தால், அதில் அபராதத்தைப் பற்றிப் பேசும் பிரிவைத் திறந்து, அங்கே என்ன வினைச்சொல் இருக்கிறதோ அதையே எடுத்து எழுதுங்கள். வாசகம் கையில் இல்லை, பொதுவாக ஒரு சொல் வேண்டும் என்றால் பிரீச். படிக்கப் போகிறவர்கள் அமெரிக்கர்கள் என்றால் வயலேஷன். செய்யக் கூடாததைச் செய்ததைவிடச் செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டதுதான் விஷயம் என்றால் நான்கம்ப்ளையன்ஸ். மற்ற சொற்களுக்கு எல்லாம் தனித்தனி வீடு உண்டு. அந்த வீட்டுக்கு வெளியே அவற்றைக் கொண்டுவந்தால் வாக்கியம் இடறும்.

ஏன் இப்படிப் பிரிக்கிறேன் என்பதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

சட்டம் வேறு, விதிமுறை வேறு என்பது பாதி உண்மை

‘சட்டத்தை மீறவில்லை, ரெகுலேஷனைத்தான் மீறினார்கள்’ என்று சொல்லும்போது, சட்டம் பெரியது, ரெகுலேஷன் சின்னது என்ற எண்ணம் உள்ளே இருக்கிறது. பல இடங்களில் இது தவறு. நாடாளுமன்றம் இயற்றுவது ஆக்ட். அந்த ஆக்ட் கொடுத்த அதிகாரத்தை வைத்து அமைச்சகமோ ஆணையமோ எழுதுவது ரெகுலேஷன். எழுதியவர் வேறு என்பதால் வலு குறைந்துவிடாது. பிரிட்டனின் 1974-ஆம் ஆண்டுப் பணியிடப் பாதுகாப்புச் சட்டத்தில் 33-ஆவது பிரிவு, பாதுகாப்பு ரெகுலேஷன்களை மீறுவதே ஒரு குற்றம் என்று நேரடியாகச் சொல்கிறது. அமெரிக்காவில் கூட்டாட்சி அமைப்புகள் முறைப்படி வெளியிடும் ரெகுலேஷன்களுக்குச் சட்டத்தின் வலுவே உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் கேட்கவே வேண்டாம்; அங்கே ரெகுலேஷன் என்று பெயர் பெற்றது உறுப்பு நாடுகள் அனைத்திலும் நேரடியாகச் செல்லுபடியாகும் சட்டம்.

இன்னொரு பக்கம் வேறு வகை விதிமுறைகள் இருக்கின்றன. கம்பெனியின் நடத்தை விதிகள், விடுதி விதிகள், தேர்வுக்கூட விதிகள், விளையாட்டு விதிகள். இவற்றை மீறினால் நிறுவனம் நடவடிக்கை எடுக்கும். அரசு எட்டிப் பார்க்காது. கால்பந்தின் 17 விதிகளுக்கு ஆங்கிலத்தில் ‘லாஸ்’ என்றுதான் பெயர். அதனால் பந்தைக் கையால் தொட்ட ஆட்டக்காரர் சட்டத்தை மீறியவர் ஆகிவிடுவதில்லை.

ஆக, மேலே ஒட்டியிருக்கும் பெயரை வைத்துச் சொல்லைத் தேர்ந்தெடுக்க முடியாது. மீறினால் என்ன நடக்கும், யார் நடவடிக்கை எடுப்பார்கள் என்று பார்த்தால்தான் தெளிவு வரும். குற்றவியல் நீதிமன்றத்துக்குப் போகக்கூடியதா, நிர்வாகம் போடும் அபராதத்தோடு முடிவதா, ஒப்பந்தம் ரத்தாகுமா, வெறும் எச்சரிக்கையா? ஆங்கிலச் சொற்கள் பெரும்பாலும் இந்தக் கோட்டை ஒட்டித்தான் பிரிகின்றன.

இதற்கு எனக்குத் தெரிந்த மிக நல்ல உதாரணம் இங்கிலாந்தின் கட்டட அனுமதிச் சட்டம். அனுமதி வாங்காமல் ஒருவர் வீட்டுக்குப் பின்னால் ஓர் அறையை நீட்டிக் கட்டிவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். 1990-ஆம் ஆண்டின் நகர ஊரமைப்புச் சட்டம் இதை ‘பிரீச் ஆஃப் பிளானிங் கன்ட்ரோல்’ என்கிறது. பாதுகாக்கப்பட்ட பழைய கட்டடம் போன்ற சில விதிவிலக்குகளை விட்டுவிட்டால், இது அந்த நிலையில் குற்றம் இல்லை. உள்ளூர் நிர்வாகம் விரும்பினால் ஒரு நோட்டீஸ் அனுப்பும்: இத்தனை நாளுக்குள் இடித்துவிடு, அல்லது பழையபடி ஆக்கிவிடு. சொன்ன காலத்துக்குள் செய்யவில்லை என்றால் நோட்டீஸுக்குக் கட்டுப்படாமல் போனதாக ஆகிறது, அதாவது நான்கம்ப்ளையன்ஸ். அந்தக் கட்டத்தில்தான் அது ‘அஃபென்ஸ்’, வழக்குப் போடக்கூடிய குற்றம். ஒரே சுவர், ஒரே ஆள். ஆனால் விஷயம் முற்ற முற்ற, சொல் இரண்டு முறை மாறுகிறது. முதல் கட்டத்திலேயே ‘அவர் குற்றம் செய்தார்’ என்று ஆங்கிலத்தில் எழுதினால் அது பொய். மூன்றாம் கட்டத்தில் ‘பிரீச்’ என்று மட்டும் எழுதினால் நடந்ததைக் குறைத்துச் சொன்னதாகிவிடும்.

பிரீச்: பொதுவாகக் கைகொடுப்பது

பிரீச், ‘பிரேக்’ என்ற சொல்லின் உறவுக்காரச் சொல். கோட்டை மதிலில் உடைத்து ஏற்படுத்திய இடைவெளிக்கும் இதே பெயர்தான். இருக்க வேண்டிய ஒன்று உடைந்துபோயிருக்கிறது என்பதை மட்டும் இது சொல்கிறது. வேண்டுமென்றே உடைத்தாரா, கவனக்குறைவா, பெரிய விஷயமா, சின்னதா என்று எதையும் கூடுதலாக ஏற்றுவதில்லை. இதுதான் இதன் பலம்.

இன்னொரு பலம், இது சட்டத்தோடு மட்டும் கட்டிப்போடப்பட்ட சொல் இல்லை. ஒப்பந்தம், கடமை, நம்பிக்கை, ரகசியம், நடத்தை விதி, உரிமத்தின் நிபந்தனை என்று யாரோ ஒருவர் கட்டுப்பட வேண்டிய எதற்கும் பொருந்தும். கோல்ஃப் விதிப்புத்தகம் முழுக்க விதிமீறலுக்கு பிரீச் என்றே எழுதுகிறது. நாடுகளுக்கு இடையிலான உடன்படிக்கையைக் கணிசமாக மீறுவதை 1969-ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கை ‘மெட்டீரியல் பிரீச்’ என்கிறது. ஆகவே மீறப்பட்டது அரசு ரெகுலேஷனா, கம்பெனி விதியா என்று உங்களுக்கே நிச்சயமாகத் தெரியாதபோதும் பிரீச் என்று தைரியமாக எழுதலாம். ‘இல்லீகல்’ என்று அவசரப்பட்டு எழுதி, பிறகு வக்கீல் நோட்டீஸ் வாங்கும் நிலை வராது.

ஒரே ஒரு இடத்தில் இது குழப்பும். இன்றைக்கு ‘டேட்டா பிரீச்’ என்றால் தகவல் கசிவு என்றுதான் எல்லோரும் புரிந்துகொள்கிறார்கள். தகவல் பாதுகாப்பு விதிமுறையை மீறுவது வேறு, தகவல் கசிவது வேறு. கசிவே நடக்காமல், அனுமதி கேட்காமல் தகவலைச் சேகரித்தாலும் அது விதிமீறல்தான். ஐரோப்பிய ஒன்றியத்தின் தகவல் பாதுகாப்பு ரெகுலேஷனான ஜிடிபிஆர் இந்த வித்தியாசத்தைச் சுத்தமாகக் காப்பாற்றியிருக்கிறது. அதில் பிரீச் என்றால் பாதுகாப்பு உடைந்து தகவல் வெளியே போவது, அழிந்துபோவது போன்றவை. 4-ஆவது பிரிவில் வரையறையே இருக்கிறது. விதிமுறையை மீறுவதற்கு அது எடுத்துக்கொண்ட சொல் இன்ஃப்ரிஞ்ச்மென்ட். 83-ஆவது பிரிவில் 2 கோடி யூரோ அல்லது உலகளாவிய ஆண்டு வருவாயில் 4 சதவீதம், இரண்டில் எது அதிகமோ அதுவரை அபராதம் என்று வருவது இந்த இன்ஃப்ரிஞ்ச்மென்ட்டுக்குத்தான். ஒரு நிறுவனம் ஜிடிபிஆர் விதியை மீறியது என்று எழுத நினைத்து, ‘டேட்டா பிரீச்’ என்று எழுதிவிட்டால், வாடிக்கையாளர் தகவல் திருடுபோய்விட்டது என்று படிப்பவர் பதறிப்போவார். விதிமுறையின் சொல்லையே எடுங்கள் என்று நான் அடித்துச் சொல்வதற்கு இது ஒரு காரணம்.

எழுத்திலும் ஒரு கண் வையுங்கள். நடுவில் ‘இஏ’ வர வேண்டும். ‘இஇ’ என்று இரட்டித்தால் துப்பாக்கிக் குழலின் பின்பகுதி என்று பொருள் மாறிவிடும். எழுத்துப் பிழை திருத்தும் மென்பொருள் இதைப் பிடிக்காமல் போகலாம், ஏனென்றால் அதுவும் சரியான சொல்தான்.

வயலேஷன்: கடலுக்கு இந்தப் பக்கம் கனம், அந்தப் பக்கம் லேசு

வயலேட் என்ற வினைச்சொல்லின் வேர் லத்தீன். வன்முறையாக நடத்துதல், புனிதமானதைக் கெடுத்தல் என்ற பொருள் அதற்கு உண்டு. பெண்ணுக்கு எதிரான பாலியல் கொடுமையைக் குறிக்கவும் பழைய ஆங்கிலத்தில் இதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். அந்த நிழல் இன்னும் முழுதாகப் போகவில்லை. அதனால்தான் மனித உரிமை என்று வரும்போது இந்தச் சொல் அவ்வளவு கச்சிதமாக உட்காருகிறது. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் தன் தீர்ப்புகளில் இன்ன பிரிவின் வயலேஷன் நடந்திருக்கிறது, அல்லது நடக்கவில்லை என்றுதான் முடிக்கிறது.

ஆனால் அமெரிக்க ஆங்கிலத்தில் இதே சொல் அன்றாடப் புழக்கத்தில் தேய்ந்து லேசாகிவிட்டது. தவறான இடத்தில் வண்டியை நிறுத்தினால் பார்க்கிங் வயலேஷன். உணவகச் சமையலறையில் கை கழுவும் தொட்டி இல்லையென்றால் ஹெல்த் கோட் வயலேஷன். 1970-ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான பணியிடப் பாதுகாப்பு அமைப்பான ஓஷா, தான் கண்டுபிடிக்கும் ஒவ்வொரு மீறலையும் வயலேஷன் என்றே எழுதுகிறது; பிறகு அதன் முன்னால் அடைமொழி போட்டுத் தரம் பிரிக்கிறது. தெரிந்தே செய்தது ‘வில்ஃபுல்’, உயிருக்கோ உடலுக்கோ பெரிய ஆபத்து வரக்கூடியது ‘சீரியஸ்’, மறுபடியும் செய்தது ‘ரிப்பீட்’. கனத்தைச் சொல்லே தாங்காததால் அடைமொழி தாங்குகிறது.

இந்த முறை எனக்குப் பிடித்திருக்கிறது. கோபத்தில் கனமான சொல்லைத் தேடிப் போகாமல், பொதுச் சொல்லை வைத்துக்கொண்டு, எவ்வளவு மோசம் என்பதைத் தனியாக எழுதுவது நேர்மையான வழி. உங்கள் அறிக்கையிலும் இதைச் செய்யலாம். பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் ‘சீரியஸ் பிரீச்’, ‘மைனர் பிரீச்’, ‘ரிப்பீட்டட் பிரீச்’ எல்லாம் இயல்பாகவே வரும்.

பிரிட்டிஷ் நடையில் எழுதும் அலுவலகத்தில் ஒரு சின்ன விதிமீறலுக்கு வயலேஷன் என்று எழுதினால் இலக்கணத்தில் பிழை இல்லை. ஆனால் தொனி கொஞ்சம் கடுமையாகக் கேட்கும். அடையாள அட்டையை மாட்டாமல் வந்தவருக்கு அனுப்பும் கடிதத்தில் அந்தக் கடுமை தேவையில்லை. அமெரிக்க நிறுவனத்தில் அதே கடிதத்தில் ‘பாலிசி வயலேஷன்’ என்று வந்தால் யாரும் புருவத்தை உயர்த்தமாட்டார்கள். விளையாட்டிலும் சர்வதேச ஊக்கமருந்துத் தடை விதிகள் வயலேஷன் என்ற சொல்லையே எடுத்திருக்கின்றன. கூடைப்பந்தில் பந்தோடு அதிகமாக நடந்தால் வயலேஷன், எதிராளியை இடித்தால் ஃபவுல். அங்கே இலேசானது வயலேஷன்தான்.

கான்ட்ரவென்ஷன்: ரெகுலேஷனுக்கென்றே பிறந்த மாதிரி ஒரு சொல்

‘சட்டத்தை மீறுவதற்கு இல்லாமல், விதிமுறையை மீறுவதற்கென்றே ஒரு சொல் உண்டா?’ என்று யாராவது கழுத்தைப் பிடித்துக் கேட்டால் நான் காட்டும் சொல் இது. எதிராகப் போவது என்பதுதான் வேர்ப்பொருள். கான்ட்ரவீன் என்ற வினை ஆக்ட், ரூல், ரெகுலேஷன், ஆணை, நிபந்தனை ஆகியவற்றைத்தான் பெரும்பாலும் செயப்படுபொருளாக எடுக்கும். நம்பிக்கையையோ நண்பனையோ கான்ட்ரவீன் செய்ய முடியாது. உணர்ச்சி துளியும் இல்லாத சொல். இன்ன எண்ணுள்ள விதிக்கு எதிராக இன்னது நடந்தது என்று பதிவு செய்துவிட்டு நின்றுவிடும்.

குற்றத்தை விதிமீறலாக இறக்க வேண்டும் என்று அரசுகள் நினைத்தபோது இந்தச் சொல் எப்படிக் கைகொடுத்தது என்பதைப் பாருங்கள். இங்கிலாந்தில் தவறாக வண்டி நிறுத்துவது ஒரு காலத்தில் போலீஸ் கவனிக்கும் குற்றம். 1991-ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டம் அதைக் குற்றப் பட்டியலிலிருந்து எடுத்து உள்ளூர் நிர்வாகத்தின் கையில் கொடுக்க வழி செய்தது; 2004-ஆம் ஆண்டுச் சட்டம் அதை விரிவாக்கியது. இப்போது நிர்வாகம் அனுப்பும் சீட்டில் இருப்பது கான்ட்ரவென்ஷன். போலீஸ் தரும் சீட்டில் இருந்தால் அஃபென்ஸ். சாலையில் நிற்கும் வண்டி அதேதான். குற்றவியல் பதிவு உண்டா இல்லையா என்பதை இந்த ஒரு சொல் காட்டிக் கொடுத்துவிடும்.

இந்தியாவின் அந்நியச் செலாவணிச் சட்டத்திலும் இதே நகர்வு நடந்தது. 1973-ஆம் ஆண்டின் ஃபெரா ஆட்களைச் சிறைக்கு அனுப்பக்கூடிய சட்டம். அதன் இடத்தில் வந்த 1999-ஆம் ஆண்டின் ஃபெமா, மீறலைக் கான்ட்ரவென்ஷன் என்று குறிப்பிட்டு, சம்பந்தப்பட்ட தொகையைப் போல மூன்று மடங்கு வரை அபராதம் என்ற வழிக்கு மாறியது. ஃபெமா விவகாரத்தில் சிக்கிய ஒருவரைப் பற்றி எழுதும்போது ‘குற்றவாளி’ என்ற தொனியில் ஆங்கிலச் சொல்லைப் போட்டால் அவருக்கு அநியாயம் செய்கிறோம்.

பிரெஞ்சு மொழியில் இதே எழுத்துக்கூட்டலில் உள்ள சொல், மூன்று தரக் குற்றங்களில் ஆகக் கீழ்த் தரத்தைக் குறிக்கிறது. பேச்சுவழக்கில் வண்டிக்குப் போடும் அபராதச் சீட்டுக்கும் அதுவே பெயர். பிரெஞ்சு தெரிந்தவருடன் ஆங்கிலத்தில் கடிதம் எழுதும்போது இது நினைவில் இருக்கட்டும்.

குறை என்ன? பேச்சில் வராது. ‘நீ ரூலை கான்ட்ரவீன் பண்ணிட்டே’ என்று எந்த ஆங்கிலேயரும் நண்பரிடம் சொல்லமாட்டார். பொது மக்களுக்கான அறிவிப்பிலும் இது விறைப்பாக நிற்கும். நோட்டீஸ், உத்தரவு, தணிக்கை அறிக்கை, வக்கீல் கடிதம் ஆகியவற்றோடு இதன் எல்லை முடிகிறது. அந்த எல்லைக்குள் இதைவிடத் துல்லியமான சொல் இல்லை என்பது என் கருத்து.

இன்ஃப்ரிஞ்ச்மென்ட், இன்ஃப்ராக்‌ஷன்

இரண்டும் ஒரே லத்தீன் வேரிலிருந்து வந்தவை, உடைப்பது என்று பொருள். ஆனால் வேறு வேறு வழியில் போய்விட்டன. இன்ஃப்ரிஞ்ச்மென்ட் இன்று காப்புரிமை, பதிப்புரிமை, வணிகச்சின்னம் ஆகிய மூன்றின் வீட்டுச் சொல். இன்னொருவருக்குச் சொந்தமான எல்லைக்குள் கால் வைப்பது என்ற தொனி அதில் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் உறுப்பு நாடு ஒன்று அதன் சட்டத்தை மீறினால் ஐரோப்பிய ஆணையம் தொடங்கும் நடவடிக்கைக்கும் இதுதான் பெயர். ஜிடிபிஆரை ஏற்கெனவே பார்த்தோம். ஆக, ஐரோப்பிய ஒன்றிய விவகாரம் என்றால் தாராளமாக எழுதலாம். மற்றபடி ஒரு ரெகுலேஷனை இன்ஃப்ரிஞ்ச் செய்தார் என்பது சரியான ஆங்கிலமே என்றாலும், படிப்பவர் ஒரு கணம் காப்புரிமைப் பக்கம் போய்விட்டு வருவார்.

இன்ஃப்ராக்‌ஷன் சின்ன மீறல். கலிபோர்னியாவில் அது சட்டப்படியே ஒரு தரம்: சிறைத்தண்டனை கிடையாது, ஜூரி விசாரணையும் கிடையாது. அமெரிக்காவுக்கு வெளியே இதைச் சட்டத் தரமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ‘மைனர் இன்ஃப்ராக்‌ஷன்’ என்று பொதுவாகச் சின்னத் தவறுக்குச் சொல்லலாம், அவ்வளவுதான்.

நான்கம்ப்ளையன்ஸ்: உதவும், ஒளிக்கவும் செய்யும்

ரெகுலேஷன்களில் பெரும்பகுதி ‘செய்யாதே’ என்று சொல்வதில்லை. ‘செய்’ என்று சொல்கிறது. பதிவேட்டை வைத்திரு, ஆண்டுக்கு ஒருமுறை பரிசோதனை செய், எச்சரிக்கைப் பலகை மாட்டு, அறிக்கையை இந்தத் தேதிக்குள் தாக்கல் செய். இதைச் செய்யாமல் விட்டவர் எதையும் உடைக்கவில்லை. அவரிடம் போய் பிரேக் செய்தாய் என்றால் வினைச்சொல் ஒட்டாது. ‘ஃபெயில்டு டு கம்ப்ளை வித்’ என்பதுதான் அங்கே இயல்பான ஆங்கிலம். பெயர்ச்சொல்லாக வேண்டுமென்றால் நான்கம்ப்ளையன்ஸ்.

தரச் சான்றிதழ்த் துறையில் இதற்குப் பக்கத்திலேயே நான்கன்ஃபார்மிட்டி என்று இன்னொன்று இருக்கிறது. ஐஎஸ்ஓ 9001 தணிக்கையில் ஒரு தேவை நிறைவேறவில்லை என்றால் அதுதான் சொல். நிறுவனம் தானாக ஏற்றுக்கொண்ட தரநிலை அது. அரசு விதியாக இருக்க வேண்டியதில்லை. தணிக்கையாளர் நான்கன்ஃபார்மிட்டி என்று எழுதியதை மேலதிகாரிக்கு அனுப்பும் மின்னஞ்சலில் வயலேஷன் என்று மாற்றிவிட்டால், கம்பெனி ஏதோ அரசு விதியை மீறிவிட்டது போலாகிவிடும்.

இந்தச் சொல்லை நான் பரிந்துரைக்கும்போதே ஓர் எச்சரிக்கையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இது மிக மென்மையான சொல். அந்த மென்மைக்காகவே தவறு செய்தவர்கள் இதைத் தேடிப் பிடிக்கிறார்கள். தீ விபத்தின்போது வெளியேறும் அவசர வழியைப் பூட்டி வைத்து, உள்ளே ஆட்கள் மாட்டிக்கொண்டார்கள் என்றால் அதை நான்கம்ப்ளையன்ஸ் என்று எழுதுவது, நடந்ததை ஏதோ காகிதக் குறையாக மாற்றிவிடுகிறது. ‘இர்ரெகுலாரிட்டி’, ‘லாப்ஸ்’ ஆகிய சொற்களுக்கும் இதே நோய் உண்டு. நிதிக் கையாடலை ‘ஃபைனான்ஷியல் இர்ரெகுலாரிட்டி’ என்று எழுதி மூடிவிட்ட அறிக்கைகளை எல்லாரும் பார்த்திருப்போம். எழுதுகிறவர் யார் பக்கம் நிற்கிறார் என்பதை அந்த இடத்தில் சொல் தேர்வு வெளிப்படுத்திவிடுகிறது. செய்யாமல் விட்டதால் யாருக்கும் பாதிப்பு இல்லையென்றால் நான்கம்ப்ளையன்ஸ் போதும். பாதிப்பு நேர்ந்திருந்தால் என்ன நடந்தது என்பதைத் தனி வாக்கியத்தில் பச்சையாக எழுதிவிட்டு, அப்புறம் எந்த விதி மீறப்பட்டது என்று சொல்லுங்கள்.

ஒரே சம்பவம், ஐந்து வாக்கியம்

அந்த அவசர வழியையே எடுத்துக்கொள்வோம். ஒரு கிடங்கில் அவசர வழிக்கு முன்னால் அட்டைப்பெட்டிகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். ஆய்வாளர் வருகிறார்.

அவர் இடத்தில் நின்றபடி மேலாளரிடம் பேசும்போது ‘திஸ் இஸ் அகெய்ன்ஸ்ட் த ரெகுலேஷன்ஸ்’ என்பார். எல்லாருக்கும் புரிகிற, எந்த நாட்டிலும் செல்லுகிற எளிய தொடர். பேச்சில் இதற்கு மேல் தேட வேண்டாம்.

அலுவலகம் திரும்பி நோட்டீஸ் எழுதும்போது ‘இன் கான்ட்ரவென்ஷன் ஆஃப் ரெகுலேஷன்’ என்று எழுதி விதியின் எண்ணைப் போடுவார். அமெரிக்க ஆய்வாளராக இருந்தால் அதே இடத்தில் ‘இன் வயலேஷன் ஆஃப்’ வரும்.

கிடங்கை வாடகைக்குக் கொடுத்த உரிமையாளர், குத்தகை நிபந்தனையும் இதனால் மீறப்பட்டதாகக் கருதினால் ‘யூ ஆர் இன் பிரீச் ஆஃப்’ என்று தொடங்குவார். அவர் கவலை ஒப்பந்தம் பற்றியது.

மேலாளர் தன் தலைமையகத்துக்கு அனுப்பும் அறிக்கையில் ‘எ நான்கம்ப்ளையன்ஸ் வாஸ் ஐடென்டிஃபைடு’ என்று எழுதுவார். யார் செய்தது என்பதே அந்த வாக்கியத்தில் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

மூன்று முறை எச்சரித்தும் பெட்டிகள் அங்கேயே இருந்தால் நாளிதழ் ‘ஃப்ளவுட்’ என்று தலைப்புப் போடும். விதி தெரியும், தெரிந்தும் மதிக்கவில்லை, அதை வெளிப்படையாகவே செய்தார்கள் என்ற மூன்றும் அதில் அடக்கம். இந்த மூன்றில் ஒன்று நிரூபணம் ஆகாவிட்டாலும் இந்தச் சொல்லைத் தொடாதீர்கள். அதோடு, ‘ஃப்ளான்ட்’ என்று எழுதிவிடாதீர்கள். அது பகட்டாகக் காட்டிக்கொள்வது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே அடிக்கடி தடுமாறும் இடம் இது.

பெயரடை வேண்டும் என்றால்

உண்மையில் பலர் தடுமாறுவது இங்கேதான். சட்டத்துக்கு மாறானது ‘இல்லீகல்’. விதிமுறைக்கு மாறானதற்கு அப்படி ஒற்றைச் சொல் பெயரடை ஆங்கிலத்தில் இல்லை. ‘இர்ரெகுலர்’ என்று தோன்றும். ஆனால் அது ஒழுங்கற்றது, வழக்கத்துக்கு மாறானது என்ற பொருளிலேயே பெரும்பாலும் படிக்கப்படும். ‘இல்லிசிட்’ மறைவான வியாபாரம், கள்ளக்கடத்தல், ரகசிய உறவு ஆகியவற்றின் பக்கம் சாய்ந்த சொல். ‘அன்லாஃபுல்’ சட்டத்தின் ஆதரவு இல்லாதது என்று பொருள் தருவது. நீதிமன்ற நடையில் இல்லீகலைவிடச் சற்று அகலமானது, ஆனாலும் சட்டத்தை விட்டு வெளியே வராது.

‘நான்கம்ப்ளையன்ட்’ ஓரளவு பொருந்தும். பொருளுக்கும் கட்டடத்துக்கும் நன்றாக வரும், மனிதருக்குப் போட்டால் மருந்து சாப்பிட மறுக்கும் நோயாளியைப் போல ஒலிக்கும். அனுமதி இல்லாமல் செய்தது என்றால் ‘அன்ஆதரைஸ்டு’ தெளிவாகச் சொல்லிவிடும். இரண்டும் பொருந்தவில்லை என்றால் பெயரடையைத் தேடுவதையே விட்டுவிட்டு, ‘இன் பிரீச் ஆஃப்’ என்று தொடராக எழுதுவதுதான் உத்தமம்.

இந்தப் பெயரடை விஷயம் மனிதர்களைத் தொடும்போது எவ்வளவு கனக்கிறது என்பதற்குக் குடிபெயர்வு ஓர் உதாரணம். 1975-இல் ஐ.நா. பொதுச்சபை, ஆவணமில்லாத தொழிலாளர்களை ‘நான்டாக்யுமென்டட்’ அல்லது ‘இர்ரெகுலர்’ என்று குறிப்பிடும்படி தீர்மானம் கொண்டுவந்தது. 2013 ஏப்ரலில் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் ‘இல்லீகல் இமிக்ரன்ட்’ என்ற தொடரைத் தன் நடைக் கையேட்டிலிருந்து விலக்கியது. செயலை இல்லீகல் என்று சொல்லலாம், ஆளைச் சொல்லக் கூடாது என்பது அவர்கள் எடுத்த நிலை. விசா காலம் முடிந்தும் தங்கியிருப்பது அமெரிக்காவில் பொதுவாகக் குற்றவியல் வழக்காக இல்லாமல் சிவில் மீறலாகவே கருதப்படுவதால், அந்த மாற்றத்தில் துல்லியமும் இருக்கிறது, மரியாதையும் இருக்கிறது.

ஆளைக் குறிக்கும் பெயர்ச்சொல்லிலும் அதே கவனம் வேண்டும். ‘அஃபென்டர்’ குற்றம் நிரூபணமான பிறகு. ‘ரூல்பிரேக்கர்’ பள்ளிப் பிள்ளை முதல் பெரிய கம்பெனி வரை. ‘டிஃபால்ட்டர்’ பணம் கட்டத் தவறியவர். ‘ஸ்காஃப்லா’ என்று ஒரு வினோதமான சொல் உண்டு: மதுவிலக்கை மதிக்காமல் குடிப்பவர்களை வெட்கப்பட வைக்க ஒரு சொல் வேண்டும் என்று அமெரிக்காவில் நடத்திய போட்டியில் 1924-இல் தேர்வானது. மதுவிலக்கு போய்விட்டது, சொல் மட்டும் தங்கி, அபராதச் சீட்டுகளைக் கட்டாமல் சேர்த்துவைக்கும் வண்டிக்காரர்களுக்கு இன்று வழங்குகிறது.

ஒட்டும் இடைச்சொற்கள்

சரியான சொல்லை எடுத்த பிறகும் பக்கத்தில் வருவது தவறினால் வாக்கியம் கெட்டுவிடும். பிரீச், வயலேட், கான்ட்ரவீன் மூன்றும் வினையாக வரும்போது விதியை நேராக எடுத்துக்கொள்ளும். நடுவில் ‘அகெய்ன்ஸ்ட்’, ‘டு’ எதுவும் வேண்டாம். ‘விதிக்கு எதிராக மீறினார்’ என்று தமிழில் எழுதமாட்டோம் அல்லவா, அதே கணக்குதான். பெயர்ச்சொல்லாக வந்தால் மூன்றுக்கும் ‘ஆஃப்’. கம்ப்ளை, நான்கம்ப்ளையன்ஸ் இரண்டுக்கும் ‘வித்’. ‘டு’ போடும் பழக்கம் பரவலாக இருந்தாலும் பிழைதான். இன்ஃப்ரிஞ்ச் மட்டும் இரண்டு விதமாக வரும்: விதியையோ காப்புரிமையையோ சொன்னால் நேராக, ஒருவருடைய உரிமையையோ சுதந்திரத்தையோ கொஞ்சம் கொஞ்சமாக அரிப்பதைச் சொன்னால் ‘ஆன்’ சேர்த்து.

இன்னும் முடிவாகாத விஷயம் என்றால் எல்லாச் சொற்களுக்கும் முன்னால் ‘அலெஜ்டு’ (நடந்ததாகச் சொல்லப்படும்) அல்லது ‘அப்பேரன்ட்’ (நடந்ததாகத் தோன்றும்) போடுங்கள். பதில் சொல்ல எதிர்த்தரப்புக்கு அவகாசம் கொடுத்திருக்கும் ஒரு நோட்டீஸில் மீறல் நடந்தே விட்டது என்று தீர்மானமாக எழுதினால், கேட்பதற்கு முன்பே தீர்ப்பு எழுதிவிட்டீர்கள் என்று அந்த ஒரு வரியைக் காட்டியே அவர் மேல்முறையீட்டுக்குப் போகலாம்.